பெரியக்கா ஃபோன் எடுத்த நாள்

அன்று காலை அலுவலகத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை. பெரியக்கா இருந்தார், லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் குடும்ப நிறுவனத்துக்கு அவர்தான் தலைமை. அவருடைய தம்பி இருந்தார். மெக்கானிக்குகளைக் கட்டி மேய்ப்பது அவர் பாடு. தம்பியின் மனைவி இருந்தார். ஃபோன் மேசை அவருடையது. பெரியக்காவின் மகளைக் கட்டிய மாப்பிள்ளை இருந்தார். சுவரில் தொங்கும் பெரிய திரைக்கும் அதை ஓட்டும் கணினிக்கும் அவர் பொறுப்பு. மெக்கானிக்குகளில் மூத்தவர், எல்லோரும் ஸ்பேனர் என்று கூப்பிடுகிறவர், இருந்தார். வெளியாள் என்று பார்த்தால் ஒருவர்தான்: ஊரின் விளிம்பில் எழும்பிக்கொண்டிருந்த புதுக் குடியிருப்பின் இன்ஜினியரம்மா. வேறு யாரும் இல்லை.

இன்ஜினியரம்மா சும்மா வரவில்லை. அந்தக் குடியிருப்பில் வரிசையாக அடுக்குமாடிகள், எல்லாவற்றிலும் லிஃப்ட். அவற்றைப் பராமரிக்கும் வேலையை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். பெரிய கம்பெனிகள் நகரத்துக்குள் நுழைந்து ஒவ்வொரு கட்டிடமாகக் கொத்திக்கொண்டு போய்க்கொண்டிருந்த நேரம் அது. இந்த வேலை கிடைத்தால் நிறுவனம் தலைநிமிர்ந்து நிற்கும். கிடைக்காவிட்டால் பாதி மெக்கானிக்குகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். தகப்பனார் தொடங்கிய நாள் முதல் அந்த நிறுவனத்திலிருந்து வேலையில்லை என்று ஒருவரைக்கூட அனுப்பியதில்லை. பெரியக்காவுக்கு அது தூக்கத்தைக் கெடுத்தது. ஆனால் முதுகை வளைக்கவில்லை.

"அறிக்கையெல்லாம் படிச்சிட்டேன்மா," என்றார் இன்ஜினியரம்மா, கொடுத்த நாற்காலியை இழுத்துத் திரை தெரியும்படி போட்டுக்கொண்டு. "எல்லா கம்பெனி அறிக்கையும் அழகாத்தான் இருக்கு. நான் இன்னைக்கு முழுக்க இங்கேயே உக்காந்து பாக்கறேன். நீங்க உங்க வேலையப் பாருங்க. நான் இல்லன்னு நெனச்சுக்குங்க."

"தாராளமா பாருங்க," என்றார் பெரியக்கா. "இங்க ஒளிக்க ஒண்ணுமில்ல."

அதை மனதாரத்தான் சொன்னார்.

திரைக்கு மேலே சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: முதலில் அழைத்தவருக்கு முதலில். அது பெரியக்கா கொண்டுவந்த விதி. அதற்கு முன்பு அந்த நிறுவனம் ஒரு சந்தைக்கடை. ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் 'தன்' கட்டிடங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் 'தன்' மெக்கானிக். யார் எப்போது எங்கே போவார் என்று தம்பியின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. ஒருநாள் ஒரு வணிக வளாகத்தின் சொந்தக்காரர் நடுத்தெருவில் நின்று, "உங்க வீட்டுக்கு வேண்டப்பட்டவன்னா ஓடுவீங்க, எங்கள மாதிரி ஆளுன்னா நாள் கணக்குல இழுப்பீங்க. குடும்பமாடா இது!" என்று கத்திவிட்டுப் போனார். நான்கு பேர் பார்த்தார்கள். பெரியக்கா அன்று சாப்பிடவில்லை.

மறுவாரமே விதி வந்தது. கூப்பிட்ட வரிசைப்படிதான் ஆள் போகும். லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் மட்டும் விலக்கு. மற்றபடி மந்திரியானாலும் மளிகைக்கடையானாலும் ஒரே வரிசை. ஒரே விதி, ஒரே வரிசை, ஒரே நியாயம். மாப்பிள்ளை அதைத் திரையில் ஏற்றினார். ஒரு வருடமாக விதி பிரமாதமாக ஓடியது. புகார்கள் குறைந்தன, வரிசை ஒருபோதும் நீளவில்லை, மருத்துவமனைகள்கூட முகம் சுளிக்கவில்லை. சிக்கல் என்று ஊரார் சொல்வதெல்லாம் சோம்பேறித்தனத்துக்கு வைத்த பெயர் என்று பெரியக்கா முடிவுக்கு வந்திருந்தார்.

"இன்னைக்கு ஃபோன்ல நானே உக்கார்றேன்," என்று அவர் அறிவித்தார்.

தம்பி மனைவியின் கை ரிசீவர் மேலேயே நின்றுவிட்டது. "எதுக்கு அண்ணி உங்களுக்கு இந்த ரோதனை? காதே வீங்கிடும்."

"வீங்கினா வீங்கட்டும். தலைமைல இருக்கறவ விதிய எப்படி நடத்தறான்னு அவங்க பாக்க வேணாமா? எழுந்திரு." பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். "ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போறான், லீவுல இருக்கான்னு ரெண்டு பேர தினமும் கழிச்சுக் காட்டறியே, இன்னைக்கு அதெல்லாம் வேணாம். எல்லாரையும் வரிசைல போடு."

"எல்லாரையுமா அக்கா?"

"தமிழ்லதானே சொன்னேன்?"

தம்பி தன் மனைவியைப் பார்த்தார். மனைவி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை ஸ்பேனரைப் பார்த்தார். ஸ்பேனருக்குப் பார்க்க ஆள் மிச்சமில்லை, கூரையைப் பார்த்தார். யாரும் வாய் திறக்கவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. வெளியாள் முன்னால் மூத்தவர் சொல்லை இளையவர் மறுப்பதில்லை என்பது அந்தக் குடும்பத்தில் தகப்பனார் காலத்து வழக்கம். தவறென்று பட்டால் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு சொல்லலாம். ஆனால் வீட்டில் பெரியக்கா தொழில் பேச விடமாட்டார். சோற்றுத் தட்டு முன்னால் கிரீஸ் நாற்றம் வேண்டாம் என்பார். அலுவலகத்திலோ எந்நேரமும் வெளியாள் யாராவது இருப்பார். ஆகக்கூடி, மறுத்துப் பேச அந்தக் குடும்பத்தில் இடமும் இல்லை, நேரமும் இல்லை. மரியாதை என்னவோ கெட்டியாக இருந்தது.

ஃபோன் அடித்தது.

"லிஃப்ட் கதவு மூடி மூடித் திறக்குதுங்க," என்றது ஒரு குரல்.

"உங்க புகார் பதிவாயிடுச்சு. வரிசைப்படி ஆள் வரும்," என்றார் பெரியக்கா. திரையில் ஒரு வரி ஏறியது. வெளியே காத்திருந்த ஸ்பேனரின் ஆள் ஒருவர் கிளம்பினார்.

அடுத்த அழைப்பும் கதவுதான். அதற்கடுத்ததில் பட்டன் விளக்கு எரியவில்லை. அதற்கடுத்ததில் லிஃப்ட் நகரவே இல்லை என்று ஒரு காவலாளி பதறினார். ஒவ்வொன்றையும் பெரியக்கா மணிமணியாகப் பதிந்தார். பின்னால் நின்ற தம்பி மனைவி, பல்வலிக்காரர் மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நெளிந்தார். ஒருமுறை தாங்காமல், "அண்ணி, கீழ் மாடிக் கதவு சரியா சாத்தியிருக்கான்னு ஒரு வார்த்த..." என்று தொடங்கியவர், இன்ஜினியரம்மா திரும்பிப் பார்த்ததும், "டீ சாப்பிடறீங்களா?" என்று முடித்தார்.

மதியத்துக்குள் திரை நிரம்பிவிட்டது. வரிசை கீழே இறங்கி, இன்னொரு பக்கம் திறந்து, அதுவும் நிறைந்தது. மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"தினமும் இவ்வளவு வருமா?" என்று கேட்டார் இன்ஜினியரம்மா.

"இன்னைக்குக் கொஞ்சம் அதிகம்," என்றார் பெரியக்கா. அவருக்கே அது புரியவில்லை. ஊரிலுள்ள லிஃப்டுகள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டு இன்றைக்கென்று படுத்துக்கொண்டனவா?

அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. தலைமை நர்ஸ். அங்கே இரண்டு லிஃப்ட். ஒன்று ஆட்களுக்கு, ஒன்று கட்டிலோடு நோயாளியை ஏற்றுவதற்கு. கட்டில் லிஃப்ட் நின்றுவிட்டது.

"உள்ள யாராவது மாட்டியிருக்காங்களா?" என்று கேட்டார் பெரியக்கா. விதிப்படி கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

"இல்லம்மா, காலியாத்தான் நிக்குது. ஆனா மேல ஒருத்தர் ஆபரேஷனுக்கு ரெடியா படுத்திருக்கார். தியேட்டர் கீழ இருக்கு. சின்ன லிஃப்ட்ல கட்டில் நுழையாது."

பெரியக்கா திரையைப் பார்த்தார். மருத்துவமனையின் பெயர் அடிவரியில் போய் உட்கார்ந்தது. அதற்கு மேலே கதவுகள், விளக்குகள், விசிறிகள், ஒரு கட்டிடத்தில் 'லிஃப்டுக்குள் ஏதோ வாடை' என்ற புகார்.

"பதிவாயிடுச்சு," என்றார். குரல் வழக்கத்தைவிட மெதுவாக வந்தது. "வரிசைப்படி..."

"என்னம்மா வரிசை? வழக்கமா எங்க பின்வாசல் பக்கத்துல நிப்பாங்களே உங்க ஆளுங்க ரெண்டு பேரு, அவங்க எங்க போனாங்க இன்னைக்கு? காலைலேர்ந்து காணோம்!"

ரிசீவரின் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. இன்ஜினியரம்மா டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

வழக்கமா. அந்த ஒரு சொல் பெரியக்காவின் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கியது. நிமிர்ந்து பார்த்தார். கதவருகே தம்பி நின்றிருந்தார். ஒரு கையில் கருவிப் பை, மறு கை தாழ்ப்பாளில். போகத் துடித்துக்கொண்டு, போகாமல் நின்றிருந்தார். யாருமே திரையைப் பார்க்கவில்லை. எல்லோரும் பெரியக்காவைத்தான் பார்த்தார்கள். பரீட்சை எழுதுகிற குழந்தையை வாசலில் நின்று பார்க்கும் தாய்மார்களின் பார்வை அது.

"வழக்கமா யாருடா நிக்கறது?" என்று கேட்டார் பெரியக்கா.

"அப்புறம் பேசிக்கலாம் அக்கா," என்றார் தம்பி, இன்ஜினியரம்மாவைக் கண்ணால் காட்டி.

தப்பிக்க வழி இருந்தது. அந்த நர்ஸ் வேறு கம்பெனியை நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று சிரித்துவிட்டு, தம்பியைக் கண்ஜாடையில் அனுப்பிவிடலாம். மானம் கப்பலேறாது, வேலையும் ஒருவேளை கிடைத்துவிடும். ஆனால் நாளைக்கும் இவர்கள் இப்படியேதான் நிற்பார்கள். ஒரு வருடமாகத் தன்னைச் சுற்றி எல்லோரும் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்; உள்ளே அவர் சூடாக, நிம்மதியாக, ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறார். அடுத்த வருடமும் இருப்பார். அதை நினைத்தபோது தெருவில் பட்ட அவமானம் சின்னதாகத் தெரிந்தது.

"நீ முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு," என்றார் தம்பியிடம். "வரிசை கிடக்கட்டும். போற வழில ஃபோன்ல சொல்லு. ஸ்பீக்கர்ல போடறேன். இவங்களும் கேக்கட்டும்."

"அக்கா, வெளியாளு..."

"நான்தானே கேக்கறேன்? சொல்லுன்னா சொல்லு."

தம்பி பறந்தார். சிறிது நேரத்தில் வண்டி இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் ஸ்பீக்கரில் வந்தது. அந்த 'ஸ்பேர் பார்ட்ஸ்' ஆளும் 'லீவு' ஆளும் தினமும் மருத்துவமனைத் தெருவில்தான் இருந்தார்கள். நாலு மருத்துவமனைகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில். கட்டில் லிஃப்ட் நின்றால் வரிசைக்கே வராமல் பார்த்துவிடுவார்கள். "நீ நியாயம்னு ஒண்ணு சொன்ன. அது தப்புன்னு எனக்குச் சொல்ல வரல. உயிர் போற எடத்துல அத வெச்சுக்கிட்டு நிக்கவும் முடியல. அதான்."

"சரி. நீ?" என்று தம்பி மனைவியைக் கேட்டார் பெரியக்கா.

"கதவு மூடலன்னு வந்தா நான் உடனே பதியமாட்டேன் அண்ணி. கதவு ஓடற பள்ளத்துல கல்லு, குப்ப ஏதாவது இருக்கான்னு பாத்துப் பெருக்கச் சொல்லுவேன். நகரலன்னா, எல்லா மாடிலயும் கதவு சாத்தியிருக்கான்னு பாக்கச் சொல்லுவேன். பாதி அதுலயே சரியாயிடும். பதியாம விட்டது உங்ககிட்ட கணக்குக்கு வராது, அதனால..."

"அதனால புகார் குறைஞ்சுபோச்சுன்னு நான் பெருமை பீத்திக்கிட்டிருந்தேன்."

"புகார் குறைஞ்சது நெஜம்தானே அண்ணி?"

மாப்பிள்ளை கேட்பதற்கு முன்பே எழுந்து நின்றார். "அத்தை, வயசானவங்க அதிகமா இருக்கற கட்டிடம் எல்லாத்தையும் நான் கொஞ்சம்... அதாவது... அவங்க கூப்பிட்ட நேரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி போட்டுடுவேன். கம்ப்யூட்டர் வரிசைப்படிதான் அனுப்பும். விதிய மீறல."

"கடிகாரத்த மீறினீங்க," என்றார் இன்ஜினியரம்மா. ஆஸ்பத்திரி அழைப்புக்குப் பிறகு அவர் வாயைத் திறந்தது அப்போதுதான்.

தம்பி ஆஸ்பத்திரியில் இறங்கி, ஃபோனை வைக்காமலே வேலையைத் தொடங்கிய சத்தம் வெகுநேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது; கடைசியில் ஸ்பேனர் முறை வந்தது. அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டினார். "நான் பெருசா ஒண்ணும் பண்ணல பெரியக்கா. நூலகத்துக்குப் பின்னால இருக்கற கட்டிடத்துக்கு மட்டும் சீக்கிரம் போயிடுவேன்."

"அங்க என்ன? வயசானவங்களா?"

"டீ நல்லா இருக்கும்."

இன்ஜினியரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"அப்புறம் அந்த வளாகத்துக்காரர், தெருவுல நின்னு நம்மள ஏசினாரே, அவர் கூப்பிட்டா வண்டி பஞ்சர்னு சொல்லிக் கடைசியா போவேன். நம்ம குடும்பத்த அப்படிப் பேசலாமா?"

பெரியக்காவுக்கு அதுவரை வலித்தது. இப்போது கோபம் வந்தது. "யாரு மானத்தக் காப்பாத்தச் சொன்னது உன்ன? அந்தாளு கத்தினது உண்மைன்னு நீயே தினமும் நிரூபிச்சிருக்கியேடா!"

ஸ்பேனர் தலை குனிந்தார். பெரியக்கா நாற்காலியில் சாய்ந்தார்; அவர் சாய்ந்ததை அந்த அலுவலகம் பார்த்தது அதுவே முதல் தடவை.

"அப்போ ஒரு வருஷமா இந்த விதிப்படி நடந்தது யாரு?"

ஸ்பீக்கரில் தம்பியின் குரல் மட்டும் வந்தது: "இன்னைக்கு நீ மட்டும் அக்கா. கட்டில் லிஃப்ட் ஓடுது. ஒரு ரிலே சுவிட்ச் போயிருந்துச்சு, மாத்திட்டேன். அவர கீழ எடுத்துட்டுப் போயிட்டாங்க."

பெரியக்கா திரையைப் பார்த்தார். நல்ல எண்ணத்தில் செய்த மீறலும், டீக்காகச் செய்ததும், பழிவாங்கச் செய்ததும் எல்லாம் ஒரே இருட்டில் கலந்து கிடந்தன. எது எது என்று பிரிக்க முடியாதபடி மூடி வைத்தது அவருடைய எளிமையான விதிதான். கண்ணுக்கு ஒரு நேர்கோடு. அடியில் ஒரு காடு. காட்டை வெட்ட வேண்டியதில்லை. அதற்குள் வெளிச்சம் விட வேண்டும்.

இன்ஜினியரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வேலை போய்விட்டது என்றே பெரியக்கா நினைத்தார். நினைத்தும் முதுகை நிமிர்த்தி எழுந்து நின்றார்.

"உங்க விதி எனக்குப் பிடிக்கலம்மா," என்றார் இன்ஜினியரம்மா. "உங்க ஆளுங்க அத மீறினது பாதி பிடிச்சிருக்கு, பாதி பயமா இருக்கு. என் குடியிருப்புல ஒரு கட்டிடம் முழுக்க ஓய்வு பெற்றவங்க. ஒண்ணுல கைக்குழந்தைக்காரங்க. ஒண்ணுல கீழ கடைங்க. ஒரே விதி ஒத்துவராது. ஆனா யார முன்னால விடறதுன்னு யாரு முடிவு பண்றாங்க? உங்க மாப்பிள்ளை லீவுல போனா அது யாருக்குத் தெரியும்? தள்ளி வெச்சவனுக்கு யாரு சொல்றது?"

"இப்போதைக்கு என்கிட்ட பதில் இல்ல," என்றார் பெரியக்கா. அந்த வாக்கியத்தை அவர் வெளியாள் முன்னால் சொன்னதே இல்லை.

"அது போதும். பதில் இருக்குன்னு சொன்னவங்க ஆபீஸ்லயும் உக்காந்து பாத்துட்டுத்தான் வர்றேன். ஒரு கட்டிடம் தர்றேன், ஓய்வு பெற்றவங்க இருக்கறது. நடத்திக் காட்டுங்க. மத்தத அப்புறம் பேசுவோம்."

சுவரெழுத்தை மறுநாளே அழித்துவிடலாம் என்றார் மாப்பிள்ளை. வேறு என்ன எழுதுவது என்றும் கேட்டார். ஒன்றும் எழுத வேண்டாம் என்றார் பெரியக்கா. அதற்குப் பதிலாக, திங்கட்கிழமைதோறும் காலையில் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். போன வாரம் யாரை முன்னால் விட்டோம், யாரைத் தள்ளினோம், ஏன் என்று அவரவர் வாயால் சொல்ல வேண்டும். மெக்கானிக்குகள் முன்னிலையில்தான். குடும்பத்தில் மூத்தவர், அதாவது பெரியக்கா, கடைசியில்தான் பேச வேண்டும். தள்ளி வைக்கப்பட்டவரை அன்றே ஃபோனில் கூப்பிட்டு, உங்களைத் தள்ளினோம், காரணம் இது என்று சொல்ல வேண்டும்.

முதல் சில வாரங்கள் ரகளை. தம்பியும் மாப்பிள்ளையும் மருத்துவமனையா முதியவர்களா என்று குரல் உயர்த்தினார்கள். ஒரு திங்கள் முடிவு செய்ததை மறு திங்கள் மாற்றினார்கள். "நம்ம மேசை தராசா, ஊஞ்சலா?" என்றார் ஸ்பேனர். "ஊஞ்சல்தான். விழாம ஆடு," என்றார் பெரியக்கா. மருத்துவமனைத் தெருவின் இருவர் இப்போது திரையிலேயே வெளிப்படையாகத் தெரிந்தார்கள். கதவுப் புகாருக்கு ஃபோனிலேயே வைத்தியம் பார்ப்பதைத் தம்பி மனைவி இன்னும் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுத்தார். கணினியில் கடிகாரம் அதன் போக்கில் ஓடியது. ஸ்பேனர் டீ குடிக்கப் போவதென்றால் தன் சொந்த நேரத்தில் போனார்.

வளாகத்துக்காரரைத் தள்ள வேண்டி வந்த ஒரு நாளில் பெரியக்காவே அவரைக் கூப்பிட்டார். காரணத்தைச் சொன்னார். அவர் அப்போதும் கத்தத்தான் செய்தார். முடிவில், "சரி, எப்ப வருவீங்க? அதச் சொல்லுங்க," என்றார். சொன்ன நேரத்துக்கு ஆள் போனது. அவர் வேறு கம்பெனிக்கு மாறவில்லை.

ஓய்வு பெற்றவர்களின் கட்டிடத்தில் லிஃப்ட் நின்ற ஒரு மழைநாளில், மெக்கானிக் போய்ச் சேர்வதற்கு முன்பே தம்பி மனைவி ஒவ்வொரு வீட்டுக்கும் கூப்பிட்டு, யாருக்காவது கீழே இறங்க அவசரமா என்று விசாரித்திருந்தார். அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை; எந்த விதியிலும் அது இல்லை. அடுத்த வாரம் இன்ஜினியரம்மா கைக்குழந்தைக்காரர்களின் கட்டிடத்தையும் கொடுத்தார். பிறகு கடைகள் இருந்ததையும். யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டி வரவில்லை. புதிதாகச் சிலரைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

தொழில் வட்டாரத்தில் இதைப் பற்றி ஒரு பேச்சு உலவுகிறது. வெளியாள் முன்னால் தம்பி அக்காவை எதிர்த்துக் கூச்சல் போட்டார் என்றும், அதோடு பெரியக்கா ஒதுங்கிவிட்டார் என்றும், இப்போது நிறுவனம் தம்பி கையில் என்றும். அப்படி எதுவும் நடக்கவில்லை. தம்பி எதிர்த்துப் பேசவில்லை. அக்கா கேட்டார், அவர் பதில் சொன்னார். நிறுவனத்தின் தலைமை இன்றும் பெரியக்காதான்.